சோபா மேஸ்திரியின் இருமல்

தெருவில் அவருக்கு ஊமை மேஸ்திரி என்று பெயர். பேச வராதவர் அல்ல, பேசுவதற்கு வாய் காலியாக இருக்காது, அவ்வளவுதான். சோபாவுக்குத் துணி மாற்றுகிறவர். ஒரு பிடி குட்டி ஆணிகளை அப்படியே வாயில் போட்டுக்கொள்வார். நாக்கு ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குத் தள்ளும், விரல் வாங்கும், சுத்தியல் ஒரு தட்டு தட்டும். இருபத்தாறு வருஷமாக இதே கதைதான்.

அவர் மனைவிக்கு இது நல்ல வசதி. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய துணியின் தையலைப் பிரித்தபடி ஊர்க்கதை அத்தனையும் சொல்வாள். குறுக்கே பேச ஆள் கிடையாது, "உம்" மட்டும் வரும். அந்த "உம்" கோபமா சிரிப்பா என்று அவளுக்குத் தெரியும். வெளியே நாலு பேர் முன்னால் அவள் வாயே திறக்க மாட்டாள். அவளுக்கு இவ்வளவு பேச்சு உண்டு என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அன்று காலை பழைய சோபாவைக் கொடுத்துவிட்டுப் போன கனத்த மனிதரைப் பற்றிப் பேச்சு.

"கடைசியா ஒரு தடவை உக்காந்து பாக்குறேன்னு உக்காந்தாரு பாருங்க! ஸ்பிரிங் ஆளை உள்ள இழுத்துக்கிச்சு. கையும் மேல, காலும் மேல..."

சொன்னதோடு விடாமல் நடித்தும் காட்டினாள். மேஸ்திரிக்கு அடக்க முடியவில்லை. சிரிக்க மூச்சை இழுத்தார், ஓர் ஆணியும் கூடவே போய்விட்டது.

கண் பிதுங்க இருமினார். மற்ற ஆணிகள் தரையில் சிதறின. அவள் பதறிப்போய் முதுகைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கியது. "புரையேறிடுச்சு" என்றார். வயிற்றுக்குள்தான் போயிருக்கும், தானாக வெளியே வந்துவிடும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மூன்று வாரத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. சாயங்காலமானால் காய்ச்சல், மூச்சு விட்டால் வலது பக்கம் விசில் சத்தம். பஞ்சுத் தூசிதான் காரணம் என்று டாக்டர் மருந்து எழுதினார். மேஸ்திரி ஆணியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆணியைச் சொன்னால் சிரித்ததையும் சொல்ல வேண்டும். அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள், பிறகு அந்த அறையில் பேச்சே இருக்காது. அதற்கு இருமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார். பாசம்தான், ஆனால் அடிமுட்டாள்தனமான பாசம்.

ஒரு நாள் சளியில் ரத்தம் வந்தது. மறுநாள் காலை, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதுகொண்டிருந்ததை அவர் பார்த்தார். டாக்டரிடம் போனபோது மேஸ்திரியின் சட்டை நுனியை விடாமல் பிடித்திருந்தாள்.

"எந்த வியாதியா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க டாக்டர்."

மேஸ்திரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"வியாதி இல்ல. ஆணி. அன்னைக்கு நீ சொன்னப்போ சிரிச்சேன்ல..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை முதல் நாளே சொல்றதுக்கென்னங்க?"

எக்ஸ்ரேயில், வலது நுரையீரலுக்குப் போகும் குழாயில் ஆணி பளிச்சென்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் இறக்கி, சின்ன இடுக்கியால் கவ்வி எடுத்தார்கள்.

அவர் பயந்தபடியே ஆனது. வீடு திரும்பிய பிறகு அவள் பேசவில்லை. சாப்பிட வாங்க, மாத்திரை போட்டாச்சா, அதோடு சரி. ஆணிகளை இப்போது ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். அறையில் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"உன்னால ஒண்ணும் ஆகல. வாயில போட்டது நான், மறைச்சதும் நான். ஆணி உள்ள போனா எடுக்க டாக்டர் இருக்காரு. நீ பேசாம இருந்தா நான் யார்கிட்டம்மா போவேன்?"

இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. எழுந்து வந்து அவர் தாடையைப் பிடித்தாள்.

"வாயைத் திறங்க."

திறந்தார். நாக்கைத் தூக்கச் சொன்னாள். இரண்டு கன்னத்தையும் விரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்காரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?"

"என்ன சொன்னாங்க?" என்றார் மேஸ்திரி.