பூரணி விளாவும் வெந்நீர்

கோட்டையூர் முதியோர் இல்லத்தில் ஞானபூரணிக்கு என்ன வேலை என்று கேட்டால், வெந்நீர் விளாவும் வேலை என்றுதான் சொல்வாள். சமையலுக்குக் கூடமாட நிற்பாள், துணி மடிப்பாள். அதெல்லாம் அவள் கணக்கில் வராது. மொட்டைமாடியில் சோலார் வைத்தாயிற்று, குழாயைத் திருகினால் வெந்நீர். ஆனால் ஒருவருக்கு இதமாக இருக்கும் சூட்டில் இன்னொருவருக்குத் தோல் பொத்துப்போகும் என்று சோலாருக்கு யார் சொல்வது? பூரணி வாளியில் முழங்கையை விட்டுப் பார்ப்பாள். பிள்ளைகளைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டிய காலத்துப் பழக்கம். அவர்கள் வளர்ந்து கோயமுத்தூர் போய்விட்டார்கள். முழங்கை நனையும்போதெல்லாம் அந்த ஈரத் தலைகளின் வாசனை வந்து அவளை என்னவோ செய்யும்.

அப்பேர்ப்பட்டவளுக்கே தண்ணி காட்டியவர் கல்யாணசுந்தரி அம்மா. நெற்குப்பை ஊர்ப் பக்கம் வயலும் மாடுமாக வாழ்ந்தவர். சர்க்கரையில் கால் மரத்துப்போய், வீட்டில் ஒருமுறை கொதிநீரை ஊற்றிக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறது. வெதுவெதுப்புக்கு மேல் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவோ வாளியை எட்டிப் பார்ப்பார். ஆவி வரவில்லையா, இது வெந்நீரே இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். மார்கழி பிறந்ததும் குளிப்பதையே நிறுத்திவிட்டார். முதுகில் புண் வரப் பார்த்தது. பூரணி கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள், அம்மா மசியவில்லை.

கடைசியில் ஒரு கள்ளத்தனம் செய்தாள். ஒரு குண்டான் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, குளியலறையில் கைகால் எட்டாத மூலையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அறை முழுக்க ஆவி. வாளியில் இருந்தது அதே வெதுவெதுப்புத்தான். அம்மா உள்ளே வந்தார், ஆவியைப் பார்த்தார், பேசாமல் முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முதல் செம்பை ஊற்றும்போது பூரணி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். ஒரு வாளி முடிந்தபோது, ஏமாற்றி ஜெயித்துவிட்டோம் என்று ஒரே குஷி.

துண்டால் முதுகை ஒற்றும்போதுதான், மூடிய கண்ணைத் திறக்காமலே அம்மா பேசினார்.

"நாளைக்கும் அந்தக் குண்டானை வையி ஆத்தா. காலுதான் மரத்துப்போச்சு, முதுகு மரத்தா போச்சு? நீ ஊத்துனது வெதுவெதுப்புத்தான்."

"தெரிஞ்சுமா குளிச்சீக?"

"வயல்லருந்து வந்து எங்க வீட்ல அவுக குளிக்கையில இப்படித்தான் ஆவி பறக்கும். ஆளு தெரியாது, செம்புச் சத்தம் மட்டுந்தான் கேக்கும். இம்புட்டு நேரமும் அவுகதான் குளிக்கிறாகன்னு இருந்துச்சு."

பூரணி துண்டை அம்மாவின் தோளில் போர்த்திவிட்டு, இன்னொரு வாளியில் தண்ணீர் பிடித்து, செம்பு செம்பாக மொண்டு, சத்தம் கேட்கும்படி தரையில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.