சூடு ஆறாத மூட்டைகளோடு கழக்கூட்டத்திலிருந்து தம்பானூர் வரை

ஜூலையில், மழை விடாத ஒரு வியாழக்கிழமை, திருவனந்தபுரத்துக்குப் போனேன். கோவிலுக்கோ கடற்கரைக்கோ இல்லை. ஒரு லாண்டரியைப் பார்க்க. அத்தான் நாகர்கோவிலில் ஓட்டல் திறக்கப் போகிறார். மேஜை விரிப்பு, கை துடைக்கும் துணி, அடுக்களைத் துணி எல்லாவற்றையும் நாமே துவைப்பதா, வெளியே கொடுப்பதா என்று வீட்டில் மூன்று வாரமாகப் பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நான் மெக்கானிக்கல் படித்தவன், நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை இந்தப் பேச்சை விடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஓட்டல் தொடங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு இந்தப் பயணம் பயன்படும். நான் செய்த ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்.

நாகர்கோவிலில் காலை 6.10க்கு ரயில். திருவனந்தபுரம் ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் இறங்கும்போது 7.45. நிலையத்துக்கு எதிரிலேயே பேருந்து கிடைக்கும். கழக்கூட்டத்துக்குச் சுமார் 15 கிலோமீட்டர், எனக்கு 50 நிமிடம் ஆனது, 25 ரூபாய். அங்கிருந்து லாண்டரி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 40 ரூபாய். மழையில் நடக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. ஒரு பக்கக் கதவு வழியாக அழுக்குத் துணி உள்ளே வரும், மறுபக்கக் கதவு வழியாகச் சுத்தத் துணி வெளியே போகும். இரண்டும் நடுவில் எங்கும் சந்திக்காது. ஒவ்வொரு ஓட்டலுக்கும் மூன்று செட் துணி. ஒன்று மேஜையில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். வண்டி சுத்தமானதை இறக்கிவிட்டு அழுக்கை எடுத்து வரும். மேஜை விரிப்புகள் சூடான உருளைக்கு அடியில் போய் இஸ்திரியாகி வருகின்றன. அடுக்களைத் துணிக்கு இஸ்திரி கிடையாது. டிரையரில் காய்ந்ததும் மடித்து, அடுக்கி, மூட்டையாகக் கட்டிவிடுவார்கள்.

டிரையர் பக்கம் ஸ்டெல்லா அக்காவின் பொறுப்பு. களியக்காவிளைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். மூட்டை கட்டுவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். அடுக்கின் நடுவில் முழங்கை வரை கையை நுழைத்து, வாய்க்குள் இருபது எண்ணினார். கை பொறுத்தால் கட்டலாம், பொறுக்காவிட்டால் பிரித்துப் போட வேண்டும். அங்கே எல்லாரும் அப்படித்தான். சூட்டைக் காட்டும் திரை டிரையரிலேயே இருக்கும்போது இது எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மணி 9.30. இரண்டு டிரையர்களிலும் அடுக்களைத் துணி. சூடேற்றும் தீ அணைந்து, விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியோடு போய் ஓட்டல்களையும் பார்த்துவிட்டு மதிய ரயிலைப் பிடிப்பது என் திட்டம். வெளியே டிரைவர் மணி அண்ணாச்சி ஹாரன் அடித்தார். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருப் பக்கம் வீடு, வண்டி அவருடைய சொந்த வண்டி.

"என்னக்கா பாத்துக்கிட்டு நிக்கீங்க? துணி காஞ்சாச்சே" என்றேன் நான்.

"காஞ்சா போதுமா தம்பி, ஆறாண்டாமா? பத்து நிமிசம் வெறுங்காத்து ஓடும். பொறவு கைய வச்சுப் பாக்கணும்."

"அது சுருக்கம் விழாம இருக்கதுக்கு வச்சிருக்க செட்டிங்க்கா. கரி துடைக்கிற துணிக்கு எதுக்கு? நான் இதைப் படிச்சவன்."

அதற்குள் அண்ணாச்சி உள்ளேயே வந்துவிட்டார். "எஞ்சினியர் சொல்லுகாரு அல்லே. எடுத்துக் கட்டு ஸ்டெல்லா. பதினொன்னரைக்கு நான் தம்பானூர்ல எறக்கணும், கேட்டோ. இல்லேன்னா அந்த ஓட்டல் குக்கு என்னைப் பொரிச்சிருவான்."

முதல் டிரையரை நிறுத்தியது நான்தான். பட்டனை அமுக்கிக் கதவைத் திறந்தேன். துணி கையைச் சுட்டது. நான்கு மூட்டை. கை நுழைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. கிளம்பும்போது, "அடுத்ததையும் இப்படியே எடுத்துக் கட்டிருங்கக்கா" என்று வேறு சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

9.50க்குக் கிளம்பினோம். ஐ.டி. பூங்கா பக்கம் ஒரு ஓட்டலில் மேஜை விரிப்பு இறக்க அரை மணி நேரம். ஸ்ரீகாரியத்துக்கு முன்னால் மரம் விழுந்து சாலை அடைத்திருந்தது. மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நின்றோம். ஐம்பது நிமிடத்தில் இருநூறு மீட்டர். நான் வாட்சைப் பார்த்துப் பார்த்துச் சலித்தேன். அண்ணாச்சி சிரித்தார். "தம்பி எறங்கித் தள்ளினா பட்டுன்னு போயிரலாம்."

11.15 இருக்கும். பழைய எண்ணெயில் அப்பளம் கருகுவது போல ஒரு வாசனை.

"அண்ணாச்சி, ஏதோ கருகுது."

"முன்னால நிக்கற லாரி கிளட்ச்சு. இல்லேன்னா நம்ம துணிதான். மீன் பொரிக்கிற கடைத் துணி தம்பி, சுவர்க்கத்துல துவைச்சாலும் மணக்கும்."

அவர் சொன்னதன் பின்பாதிதான் எனக்குள் இறங்கியது. துவைத்தாலும் எண்ணெய் முழுதும் போகவில்லை. கல்லூரியில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பஞ்சில் ஊறிய எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகவே சூடாகும். பரப்பி வைத்தால் சூடு வெளியேறிவிடும். சூட்டோடு அடுக்கிக் கட்டினால் உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். தீப்பொறி எதுவும் வேண்டாம். அந்தப் பத்து நிமிடக் காற்று அதற்குத்தான். இருபது எண்ணுவதும் அதற்குத்தான்.

சீட்டுக்குப் பின்னாலுள்ள தகரத் தடுப்பில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு. வலது பக்கம் ஒரு பள்ளிப் பேருந்து நின்றது. ஜன்னலில் ஒரு குழந்தை மூச்சுவிட்டுக் கண்ணாடியில் படம் வரைந்துகொண்டிருந்தது. நூறு மீட்டர் முன்னால் பெட்ரோல் பங்க். அப்போதும் நான் உடனே சொல்லவில்லை. சொன்னால் பட்டனை அமுக்கியது யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தாறு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்தக் கட்டுரையில் எழுதவே கை கூசும் இடம் அதுதான்.

இரண்டாவது தடவை கை வைத்தபோது வைத்திருக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, மூட்டைக்குள்ள தீ பிடிக்குது. நான் எடுக்கச் சொன்னதால வந்தது. வண்டிய ஆளில்லாத பக்கம் கொண்டு போங்க."

அவர் தடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஸ்டியரிங்கை ஒடித்து, நடைபாதைமேல் ஒரு சக்கரத்தை ஏற்றி, ஒரு சந்துக்குள் விட்டார். எண்பது மீட்டர் தள்ளி, வீடு கட்டுவதற்காக வெட்டிப் போட்ட காலி மனை. முட்டியளவு மழைத் தண்ணீர் தேங்கிய குழி.

இறங்கினோம். பின்கதவு இடுக்கில் நூல் போலப் புகை.

"தொறக்காண்டாம் அண்ணாச்சி. காத்துப் பட்டா பத்திக்கும். ஃபயருக்குப் போன் பண்ணுவோம்."

"அந்த ரோட்டுல ஃபயர் எப்ப வரும்? என் வண்டிடா இது."

திறந்துவிட்டார். மேலே இருந்த மூட்டையை இருவருமாக இழுத்துக் குழியில் எறிந்தோம். அடுத்ததில் நடுவில் தட்டளவு பழுப்பு, ஓரம் கறுத்திருந்தது. முடிச்சு அவிழ்ந்து துணி விரிந்ததும் கண்ணெதிரே தீ எழுந்தது. சின்னத் தீதான். அண்ணாச்சியின் சட்டைக் கை கருகியது. அதையும் குழியில் தள்ளி, மற்ற இரண்டையும் போட்டு, காலால் மிதித்து முக்கினோம். அவருடைய மணிக்கட்டில் ரோமம் பொசுங்கிவிட்டது. கொப்புளம் வரவில்லை, அவ்வளவுதான்.

மூச்சு வாங்கி நிமிரும்போதுதான் இன்னொன்று உறைத்தது. இரண்டாவது டிரையர். அதையும் அப்படியே கட்டச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கொட்டகையில் பதினொரு பேர்.

ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் அடித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் சத்தத்தில் கேட்காது என்றார் அண்ணாச்சி. ஆபீஸ் எண் எங்கேஜ். மறுபடி, மறுபடி. பதினான்கு நிமிடம். ஏழாவது தடவை அக்கா எடுத்தார்.

"அக்கா, அந்த மூட்டைகளைத் தொடாதீங்க, எல்லாரையும் வெளிய..."

"எந்த மூட்டை?"

"ரெண்டாவது டிரையர். நான் கட்டச் சொன்னேன்ல."

"நீங்க சொன்னீங்க. வண்டி போனதும் கதவை அடச்சு, மிச்சக் காத்தையும் ஓட விட்டேன். இருவது எண்ணாம கட்டினா எனக்குச் சோறு எறங்காது." பிறகு, "மொதல் லோடை விட்டது என் தப்புதான். மணி அண்ணனுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

நான் போனை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுச் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்தேன்.

மேஜை விரிப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 12.40க்குத் தம்பானூரில் இறக்கினோம். அடுக்களைத் துணி இல்லை என்றதும் அந்தச் சமையல்காரர் மலையாளத்தில் பேசியவை இங்கே வேண்டாம். அண்ணாச்சி அவரிடம், "துணி நனைஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. நான் பேருந்து பிடித்து மறுபடி கழக்கூட்டம் போய், முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். மதிய ரயில் போய்விட்டது.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பதினொன்றுக்குப் பிறகு பார்க்க ஒன்றுமிருக்காது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். மூடிய செருப்பு அவசியம். எண்ணெய்த் துணியைத் தனியாக, வெந்நீரில் துவைக்கிறார்களா, டிரையரை ஆற விடுகிறார்களா என்று கேளுங்கள். ஆற விடாத இடத்துக்குத் துணி கொடுக்காதீர்கள். மூட்டை புகைந்தால் திறக்காமல் விலகி நின்று 101ஐ அழையுங்கள். நாங்கள் திறந்தது தவறு, பிழைத்தது மழையால். அவசரமாக இருந்தால் வேறு நாள் போங்கள். எந்த மெஷினிலும் கை வைக்காதீர்கள், படித்தவராக இருந்தால் முக்கியமாக.

அத்தானிடம் காட்டச் சொல்லி ஸ்டெல்லா அக்கா ஆறு அடுக்களைத் துணிகளைப் பையில் போட்டுத் தந்திருந்தார். மாலை 5.20 ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காலையில் ஆறிய துணி என்று தெரியும். பாறசாலையில் பைக்குள் கையை விட்டு இருபது எண்ணினேன். குளிர்ந்துதான் இருந்தது. இரணியலில் மறுபடியும் எண்ணினேன்.