வாசலில் நின்ற வாப்பா

பெரிய மனுஷியான மறுமாதமே நான் தெருவுக்கு ஆகாதவளாகிப் போனேன். அதுவரை பையன்களோடு கடற்கரையில் சிப்பி பொறுக்கிவிட்டுப் பாவாடை நிறைய மணலோடு வீடு திரும்பியவள். எங்கள் கடலோர ஊரில் அதற்கப்புறம் பெண்பிள்ளைக்குப் பெயரே மாறிவிடும், 'குமர்' என்பார்கள். குமருக்கு வேண்டிய பாடங்களை நடத்த உம்மாவின் அக்கா, என் பெரியம்மா, தினமும் வந்தாள். தாவணி தலையிலிருந்து நழுவக் கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது. ஆண்கள் இல்லாத நேரத்தில் யார் வந்தாலும் கதவைத் திறக்காமல், பின்னால் நின்றே பதில் சொல்லி அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடே ஏறாத எனக்கு இந்தப் பாடம் சட்டென்று ஏறிவிட்டது. பெரியம்மா மெச்சினாள். என்னிடம் மெச்ச வேறு எதுவும் இல்லாததால் நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வாப்பாவுக்குக் கொழும்பில் கடை. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அங்கேதான். பாஸ்போர்ட்டு, விசா என்று கெடுபிடிகள் வந்தபின் அவர்கள் ஊர் வருவது அரிதாகிப் போனது. கடைசியாக வந்தபோது வாப்பா தோளில் உட்கார்ந்து நான் தர்காவின் சந்தனக்கூடு ஊர்வலம் பார்த்ததாக உம்மா சொல்வாள். எனக்கு அந்தத் தோளும் நினைவில்லை, முகமும் நினைவில்லை.

நோன்பு மாதத்துக்குக் கொஞ்சம் முந்தி ஒரு பகல். உம்மா பக்கத்துத் தெரு மவுத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தாள். எனக்குக் காவலாக விட்டுப்போன பெரியம்மா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. தாவணியை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"யாரு?"

"நாந்தாம்மா. கதவத் தொற."

தெரியாத ஆண் குரல். நான்தான் என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா?

"வீட்டுல ஆம்பளையாளு யாரும் இல்ல. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பெறகு வாங்க."

அந்தப் பக்கம் ஏதோ பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் என் பெயரைச் சொல்லி, நீயா பேசுறது என்று கேட்டது. எவனோ ஒருவன் வாயில் என் பெயரா? கோபத்தில், பெரியம்மா சொல்லித் தராததையும் சேர்த்துச் சொன்னேன்.

"கொமரு இருக்குற வீடு இது. வாசல்ல நிக்காதீங்க."

"கொமரா," என்றது குரல். பிறகு, "சரிம்மா, நிக்கல."

கதவிடுக்கில் பார்த்தேன். நரைத்த தாடிக்காரர் ஒருவர் எதிர்ப்பக்க வேப்பமரத்தடிக்குப் போய், கொண்டுவந்த டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்தார். வந்தவரை விரட்டிய பெருமையில் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மதிய லுஹர் தொழுகை முடியும் நேரத்துக்கு உம்மா வந்தாள். வெள்ளைத் துப்பட்டி பாதி தெருவில் இழுபட, உள்ளே ஓடிவந்தாள்.

"அடியே, என்ன காரியம் செஞ்ச. அங்கன உக்காந்திருக்கது ஒன் வாப்பால்ல?"

அதற்குள் அக்கம்பக்கத்துக் கதவுகளுக்குப் பின்னால் சிரிப்பு தொடங்கிவிட்டது. விழித்துக்கொண்ட பெரியம்மாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பெத்த வாப்பாவையே வாசலோடு நிறுத்திய பிள்ளை, வளர்ப்பு அப்படி என்று வீடு வீடாகச் சொன்னாள். அந்தக் கதையைக் கேட்டே என்னைப் பெண் கேட்டு வந்தார்கள் என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கோ வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளறையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வாப்பா அறைக்கு வெளியே நின்று இரண்டு முறை கூப்பிட்டார். போகவில்லை. இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது.

"நான் ஒன் வாப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று உம்மா கேட்டது காதில் விழுந்தது.

"பிள்ள சரியாத்தான சொல்லுச்சு," என்றார் வாப்பா.

பெருநாள் முடிந்து கப்பலேறும்வரை அவர் எங்களோடுதான் இருந்தார். பள்ளிவாசலுக்குப் போய்வந்தாலும் சரி, கடைத்தெருவுக்குப் போய்வந்தாலும் சரி, வாசலில் நின்று ஒருமுறை செருமுவார். பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் அந்நிய ஆண்கள் அப்படித்தான் செருமிவிட்டு நுழைவார்கள். எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையின் வாப்பாவும் அப்படிச் செய்ததில்லை. என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் கூனிக் குறுகினேன். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.