அடித்துவிட்ட கணக்கு

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் ஃபெயில் ஆனதும் என்னை 'மெல்லக் கற்கும் மாணவர்கள்' கூட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, மெலிசாக ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்தார்கள். வரைபடம், வடிவியல், கொஞ்சம் ஒரு மார்க் கேள்விகள். பாஸ் ஆக அது போதுமாம்.

எனக்குப் பாஸ் மட்டும் போதாது. பிளஸ் ஒன்னில் முதல் குரூப் எடுக்க வேண்டும், பிறகு இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று ஆசை. சொன்னால் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கணக்கு சார் நல்லவர்தான். லீவு நாளிலும் வந்து உட்காருவார். "தெனம் ஒரு கிராஃப், ஒரு ஜாமெட்ரி போடு. மிச்சத்தத் தொட்டு கொழப்பிக்காதம்மா" என்பார். முக்கோணம் வரைந்து வரைந்து என் காம்பஸ் முனையே மழுங்கிப்போனது. பள்ளிப்பட்டு பஸ்ஸில் என்னோடு வரும் தோழியோ பக்கத்து வகுப்பில் எல்லாப் பாடத்தையும் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பரீட்சைக்கு முந்தின நாள் என் ஹால் டிக்கெட்டை மலைக்கோயிலுக்கு எடுத்துப் போய், சாமி காலடியில் வைத்து வாங்கிவந்தார்.

"பாஸ் ஆயிடுவியாம்மா?"

"ஆங், ஆயிடுவேன் நைனா."

அவருக்கும் அதுவே போதுமாக இருந்தது.

பரீட்சையில் கிராஃபும் ஜாமெட்ரியும் முடித்த பிறகு நேரம் நிறைய மிச்சம். சும்மா இருக்க முடியாமல் கேள்வித்தாளைப் படித்தேன். ஒரு பஸ் கணக்கு. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் இவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும், அப்படியானால் வழக்கமான வேகம் என்ன? தினமும் லேட்டாக வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவளுக்கு இதுகூடப் புரியாதா? பக்கத்தின் அடியில் 'ரஃப் ஒர்க்' என்று எழுதிப் போட்டுப் பார்த்தேன். விடை வந்துவிட்டது.

எனக்கு வந்த விடை எப்படிச் சரியாக இருக்கும்? சார் சொன்ன மாதிரி குழப்பிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ரஃப் ஒர்க்கைக் கடைசியில் அடித்துவிட வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். ஸ்கேல் வைத்துக் குறுக்கே அழகாக ஒரு கோடு போட்டேன். அதே மாதிரி இன்னும் சில கணக்குகள் இருந்தன, தொடவே இல்லை. மணி அடிக்கும்வரை முக்கோணத்தின் மேலேயே பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் தோழி அந்தக் கணக்கின் விடையைச் சொன்னாள்.

"எனக்கும் அதான்டி வந்துச்சு" என்றேன்.

"அப்புறம் இன்னா, அஞ்சு மார்க்கு!"

"அடிச்சிட்டேன்."

"ஏன்டி அடிச்ச?"

பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.

பாஸ் ஆனேன். வீட்டில் கேசரி கிண்டினார்கள். பிளஸ் ஒன் சேர்க்கையில் முதல் குரூப் கேட்டு நின்றபோது சார் என் மார்க்கைப் பார்த்தார். "ஒனக்கு மேக்ஸ் வராதும்மா, வேற குரூப் எடுத்துக்கோ" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கும் வரும் சார் என்று சொல்லத் துடித்தேன். எதைக் காட்டிச் சொல்வது? நானாகப் போட்ட ஒரே கணக்கை நானே அடித்துவிட்டிருந்தேன்.