கால்மாட்டில் மலை

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஐப்பசி அடைமழை. திருவண்ணாமலையில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியின் மாடி வார்டில் என்னைச் சேர்த்திருந்தார்கள். அதற்கு முன் இரண்டு தடவை எனக்குத் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது ஐந்தாம் மாதத்தைத் தொட்டதே பெரிது என்று இருந்தபோது, ஒரு நாள் காலை கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் புடவையில் ரத்தக் கறை.

டாக்டரம்மா அசையவே கூடாது என்றார். கட்டிலின் கால்மாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல் அடுக்கினார்கள். தலை தாழ்வாக, கால் உயரமாக. வயிற்றுப் பாரம் கீழே இறங்காமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள். சாப்பாடு முதல் எல்லாமே படுத்தபடிதான்.

படுத்திருப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் நாளே முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. ஜலதோஷம் இல்லாமலே மூக்கு அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டேன். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரல் வைத்து அழுத்துவது போல இருக்கும். என் நெஞ்சு அடித்துக்கொள்வது என் காதுக்குள்ளேயே கேட்கும். குடித்த கஞ்சி தொண்டைக்குத் திரும்பி வரும். அவ்வளவு ரத்தமும் தலைக்கு வந்துவிட்டதோ என்னவோ, கால்கள் மட்டும் சில்லென்று, என்னுடையவையே இல்லை என்பது போலக் கிடந்தன.

பக்கத்துக் கட்டிலில் கீழ்பென்னாத்தூர் அம்மா ஒருவர், கால் வீக்கம் என்று நாலாவது பிரசவத்துக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்தவர். "இன்னா தங்கச்சி, வவ்வாலாட்டம் தொங்கினு இருக்கற. புள்ள பொறந்ததும் பழம் திங்கப் பறந்துடப் போவுது, பாத்துக்கோ" என்பார். சிரித்தால் தலை வலிக்கும். இருந்தாலும் சிரிப்பேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். என் கால்மாட்டில் ஜன்னல். ஜன்னல் நிறைய மலை.

எங்கள் ஊரில் மலைதான் சாமி. வீட்டில் பாய் விரித்தாலும் மலைப் பக்கம் கால் நீட்ட மாட்டோம். நானோ இரண்டு காலையும் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டு படுத்திருந்தேன். யாரிடம் பிள்ளை கேட்கிறேனோ அவருக்கே உள்ளங்காலைக் காட்டிக்கொண்டு எப்படி வேண்டுவது? வேண்டுதல் பாதியிலேயே நின்றுவிடும். வார்டு ஆயாவிடம் சொன்னேன். "சாமிக்கு வேற வேல இல்லியா" என்று துடைப்பத்தோடு போய்விட்டார்.

என் வீட்டுக்காரருக்குச் சன்னதி தெருவில் தேங்காய்க் கடை. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். இரண்டாம் நாள் மதியம் சாப்பாடு கொண்டுவந்தவர் என் காலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "இன்னாம்மா இது" என்றார்.

"தலகாணிய அந்தப் பக்கம் வெச்சுடுங்க" என்றேன். மெதுவாக என்னைத் திருப்பிப் படுக்க வைத்தார். உயர்ந்த பக்கம் தலை, தாழ்ந்த பக்கம் கால். என்ன அதிசயம், சற்று நேரத்தில் மூக்கு விட்டது. முகத்துப் பாரம் இறங்கியது. காலில் சூடு ஏறியது. அண்ணாமலையாரே மனம் இரங்கிவிட்டார் என்று இருவரும் கையெடுத்துக் கும்பிட்டோம்.

சாயங்காலம் மறுபடி கறை பட்டது.

அன்று சாயங்கால டியூட்டிக்கு வந்த நர்ஸ் என்னைவிடச் சின்னப் பெண். கறையைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார். "யாரு உன்ன திருப்பிப் போட்டது? அறிவு இருக்கா? செங்கல்ல அழகுக்கா வெச்சிருக்கோம்?" என்றவர், பேச்சோடு பேச்சாக என்னைப் பழையபடி படுக்க வைத்துவிட்டார். கால் மறுபடி மலைக்கு நேரே போனது. நான் போர்வையை இழுத்துப் பாதத்தை மூடப் பார்த்தேன், எட்டவில்லை. அழுகை வந்துவிட்டது. படுத்துக்கொண்டு அழுதால், அதுவும் தலை கீழாகப் படுத்துக்கொண்டு அழுதால், கண்ணீர் நெற்றிக்குப் போகும். அழுதபடியே காரணத்தைச் சொன்னேன். சிரிக்கப் போகிறார், இல்லையென்றால் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் போர்வையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "நாங்க பாய் வீடு. எங்க வீட்லயும் மேற்கால காலு நீட்ட மாட்டோம். தொழுவுற தெச. சின்னதுல தூக்கத்துல பொரண்டுட்டா எங்கம்மா கால்லயே ஒண்ணு போடுவாங்க."

எங்கள் மலையும் ஊருக்கு மேற்கேதான்.

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? கட்டில திருப்புனா போச்சு. உன்ன எதுக்குத் திருப்பணும்?"

கட்டிலைத் திருப்பலாம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. பக்திக்கு மூளை கம்மி என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு சொல்வார். ராத்திரிச் சாப்பாட்டோடு வந்து சேர்ந்த அவரும் நர்ஸும் ஆயாவுமாக என்னோடு சேர்த்தே கட்டிலைத் தூக்கித் திருப்பினார்கள். "டாக்டரம்மா கேட்டா காத்து நேரா மூஞ்சில அடிக்குதுன்னு நான் சொல்லிக்கறேன். நீ ஜாஸ்தி பேசாத" என்றார் அந்தப் பெண்.

கறை மெல்ல நின்றது. ஆனால் மலை இப்போது தலைக்குப் பின்னால். மரியாதை கிடைத்தது, தரிசனம் போய்விட்டது. கார்த்திகை பிறந்தது. கீழே தெருவில் மேளம், சாமி புறப்பாடு, கடைக்காரர்களின் கூச்சல், எல்லாம் கேட்கும். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். நினைவு தெரிந்த நாளாக ஒரு வருஷமும் தீபம் பார்க்காமல் இருந்ததில்லை. ஒரு கணம் எழுந்து பார்த்தால் என்ன என்று உடம்பெல்லாம் ஏங்கும். உடனே வயிற்றில் கை வைத்துக்கொள்வேன்.

தீபத்தன்று அந்தி நேரம். நடக்க முடிந்தவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். அந்த நர்ஸ் என் தலைமாட்டுக்கு வந்து, "எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க" என்றார். தலையணையை உருவினார். "தூக்காத. அப்படியே பின்னால சாய்ச்சுப் பாரு." என் பிடரிக்குக் கீழே தன் கையைக் கொடுத்தார்.

மலை தலைகீழாகத் தெரிந்தது. மலை மேலே, வானம் கீழே. உச்சி கீழ்நோக்கித் தொங்கியது. ஊரே அரோகரா என்று எழுந்தபோது, அந்த உச்சியின் நுனியில் ஒரு சொட்டு வெளிச்சம் திரண்டு, இதோ விழப்போகிறது என்பது போல நின்றது. "ஊரே நிமிந்து பாக்குது, இவ மட்டும் கவுத்துப் போட்டுப் பாக்கறா" என்றார் கீழ்பென்னாத்தூர் அம்மாவின் துணைக்கு வந்திருந்த தங்கை. வார்டு முழுக்கச் சிரித்தது. என் வயிற்றுக்குள் அப்போதுதான் முதல் தடவையாகப் பிள்ளை புரண்டது. நர்ஸின் இன்னொரு கையை இழுத்து அங்கே வைத்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

மார்கழியில் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதல் நாள் எழுந்து நின்றதும் கண் இருட்டி அந்த நர்ஸ் மேலேயே சாய்ந்துவிட்டேன். "ரத்தத்துக்குக் காலுக்குப் போற வழி மறந்து போச்சும்மா. மெதுவா கத்துக்கும்" என்றார். மாசியில் மகள் பிறந்தபோது அவர் லீவில் இருந்தார். குழந்தையை எடுத்துக்கொண்டு காட்டப் போனபோது, அவர் கல்யாணமாகி வேலூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் அப்படிச் சாய்த்துப் படுக்க வைப்பதில்லையாம், மகள் சொல்கிறாள். அந்தச் செங்கல்லால்தான் அவள் தங்கினாளா என்று எனக்குத் தெரியாது. வேலூர் பஸ் ஏறும்போதெல்லாம் வெள்ளைப் புடவையில் நர்ஸ் யாராவது கண்ணில் பட்டால் முகத்தை எட்டிப் பார்ப்பதை மட்டும் இன்னும் விடவில்லை. வருஷா வருஷம் மொட்டை மாடியில் நின்று, நேராக நிற்கும் மலையில் நேராக எரியும் தீபத்தைக் கும்பிடுகிறேன். கும்பிடும்போதே பிடரிக்குக் கீழே அந்த ஒரு கை இல்லையே என்று மனசு தேடுகிறது, அப்படித் தேடுவதும் ஒரு வேண்டுதல்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.