சுருட்டி எடுத்துப்போன குழாய்

சின்னப்பாப்பா அலுவலகத்துக்கு வந்தபோது, நான் தோட்டக்கலைத் துறையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நல்லம்பள்ளிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போடுகிறவர். சிறு விவசாயி என்பதால் முழு மானியத்தில் சொட்டுநீர்ப் பாசனம் கேட்டிருந்தார்.

"மேடம், எனக்குக் குழா எப்பங்க வரும்? நாத்துக்குச் சொல்லி வெச்சிட்டேன். கெணத்துல ஒரு மணி நேரந்தான் தண்ணி ஓடுது. வாய்க்கால்ல வுட்டா பாதிக் காட்டுக்கே பத்தாது."

"வந்துருச்சேம்மா" என்றபடி போர்டலைத் திறந்தேன். கோப்பு முடிந்திருந்தது. இந்த மானியம் விவசாயி கைக்கு வராது. டீலர் மூலம் குழாய் போட்ட நிறுவனத்துக்குப் போகும். போய்விட்டிருந்தது. திரையில் போட்டோ: வரிசையாகக் கறுப்புக் குழாய்கள், ஃபில்டர் பக்கத்தில் கைகட்டி நிற்கும் சின்னப்பாப்பா. எடுத்தது நான்.

"இது நீங்கதானே?"

"நாந்தாங்க. அது போட்டாவுக்குப் போட்டதுங்களே! நீங்க அந்தாண்ட போனீங்க, டீலர் ஆளுங்க அத்தனையும் சுருட்டி டெம்போல ஏத்திக்கினு போயிட்டாங்க. இது சாம்பிளு, ஒனக்குப் புதுசு வரும்னாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாமயா செய்வாங்கன்னு இருந்துட்டேன்."

குற்றம் சாட்டும் குரலே இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார்.

அதே நிலத்துக்கு இன்னும் ஏழு வருடம் இந்த மானியம் கிடையாது. என் கையெழுத்து அவர் காட்டைப் பூட்டியிருந்தது.

அவர் போனதும், போட்டோ எடுத்த அன்று ஆய்வில் நான் செய்ததை எழுதினேன்.

1. குழாய் வரிசைகளை எண்ணினேன்.
2. இடைவெளி அளந்தேன்.
3. போட்டோ எடுத்தேன்.
4. வால்வைத் திறக்கவில்லை. அந்த நேரம் மோட்டார் ஓட மும்முனை கரண்ட் இல்லை என்றார் டீலர். நானும் காத்திருக்கவில்லை. தண்ணீர் ஓடாமல் ஆய்வு முடிப்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.
5. மெயின் குழாய் புதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்கவில்லை.

பிறகு அந்த டீலரின் மற்ற கோப்புகளைத் திறந்தேன். சின்னப்பாப்பாவோடு சேர்த்து ஐந்து விவசாயிகள், ஐந்து காடுகள், ஒரே ஃபில்டர். மூடியில் நசுங்கிய அதே பள்ளம். ஐந்து போட்டோவும் நான் எடுத்தவை. எதற்கென்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

மேலதிகாரி முழுவதும் கேட்டார். "டீலர் மேல எழுதும்மா. வால்வு தொறக்கலன்னு உன்ன யாரு கேட்டா? உன் பேர நீயே ஏன் இழுத்து வுட்டுக்கிற?"

"நான் பாக்காம சரின்னு போட்டேன்னு எழுதினாத்தான் சார் கோப்பத் திறப்பாங்க. இல்லன்னா என் ரிப்போர்ட்டே டீலருக்குச் சாட்சி."

"17-ஏ மெமோ வரும், உன் மேலயே ஒழுங்கு நடவடிக்கை, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

வந்தது. கோப்புகளும் திறந்தன. நிறுவனம் வேறு ஆட்களை வைத்து ஐந்து காட்டிலும் குழாய் பதித்தது. அதற்குள் நடவுப் பட்டம் முடிந்துவிட்டது. சின்னப்பாப்பா அந்த முறை கால் ஏக்கர்தான் நட்டார்.

மறு ஆய்வன்று கரண்ட் வரும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தேன். "என்னாங்க மேடம், டெம்போ வருதான்னு காவலா?" என்று அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

புதிதாகச் சேர்கிறவர்களிடம் வால்வைத் திறங்கள், கடைசிச் சொட்டுவான் வரை நடங்கள் என்று சொல்கிறேன். அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. போட்டோ எடுக்கும் முன், டீலர் காதில் விழும்படி விவசாயியிடம் சொல்லுங்கள்: "இந்தக் குழாய் உங்களுது. என் பேரச் சொல்லிக் கேட்டாலும் யாருக்கும் சுருட்டிக் குடுக்காதீங்க."