கோதண்டத்தின் கிரீஸ் டப்பா

சாக்கை விரித்து ஒருக்களித்துப் படுத்து, ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்திருக்கிறார் கோதண்டம். மாடிப்படியில் இறங்கி வரும் என்னைப் பார்த்ததும் ஒரு விரலை உயர்த்துகிறார். பேசக் கூடாதாம். கையில் பால் தூக்குடன் நானும் அப்படியே நிற்கிறேன். ஒருவழியாக எழுந்து உட்கார்ந்து, "உள்ள இன்னாவோ டொக்கு டொக்குனுது சார். உனுக்குக் கேக்கல?" என்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு இருக்கிற சத்தமும் கேட்கும், இல்லாத சத்தமும் கேட்கும்.

திருவொற்றியூரில் கடலிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறது எங்கள் வீடு. கீழே கோதண்டம், அவர் மனைவி மங்கம்மா, மகள் நர்மதா. மாடியில் வாடகைக்கு நான். கோதண்டம் காசிமேட்டில் ஒரு மீன்பிடி லாஞ்சுக்கு டிரைவர். பாதி வாழ்க்கையை டீசல் இன்ஜினோடு குடித்தனம் நடத்திவிட்டவர். நடுக்கடலில் இன்ஜின் நின்று, இரண்டு ராத்திரி அலையோடு போன கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கிற எனக்குத்தான் சிரிப்பு வராது.

அந்த மனிதருக்கு எண்ணூர்ச் சாலை என்றால் உடம்பு உதறும். காரணம் டிரைலர் லாரிகள். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் பெட்டகம் ஏற்றிப் போகிறவை ஒரு பக்கம் மைல் கணக்கில் வரிசைகட்டி நிற்கும். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறவை மறுபக்கம் தடதடவென்று பறக்கும். ஸ்கூட்டரில் போகும்போது அந்தச் சக்கரம் தோளுயரத்துக்குப் பக்கத்தில் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் பயத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வருவதில்லை. "கடல்ல எதிர்ல எவன் சார் வரான்? இங்க முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன், நடுவுல நாம" என்பார்.

அவருடைய வண்டி ஒரு பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிள். நர்மதாவைவிட மூத்தது. நர்மதாவுக்குக் காத்திவாக்கம் தாண்டி ஒரு சரக்குக் கிடங்கில் வேலை கிடைத்தபோது, முதல் வாரம் இவர்தான் கொண்டுபோய் விட்டார். விட்டார் என்று சொல்லக் கூடாது. பின்னால் டிரைலர் ஹாரன் கேட்டால் வண்டியை மண்ணில் இறக்கி, காலை ஊன்றி, அது போகும்வரை நிற்பார். ஒன்று போனால் அடுத்தது வரும். அதற்கும் நிற்பார். வாரக் கடைசியில் மகள் பொறுமை இழந்துவிட்டாள். "நைனா, நீ இப்பிடி வழி வுட்டுகினே இருந்தா நான் எப்ப போயி சேர்றது? எறங்கு, நான் ஓட்டறேன்" என்று சொல்லி ஹேண்டில்பாரைப் பிடித்தவள்தான். அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து இரண்டு மாதம் ஓட்டிப் பழகி, பிறகு அவரையும் வீட்டில் இறக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து தொடங்கியது இந்தக் காது கொடுக்கிற வழக்கம். கடலுக்குப் போகாத நாளெல்லாம் விடிந்ததும் வண்டியைச் சுற்றி வருவார். செயினை விரலால் தூக்கிப் பார்ப்பார். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவார். நட்டு ஒவ்வொன்றையும் ஸ்பானரால் தொட்டுப் பார்ப்பார். முறுக்க மாட்டார், சும்மா தொடுவார். மகள் புறப்பட்டு மெயின்ரோடு திரும்பும் வரை வாசலில் நிற்பார். சாயங்காலம் வண்டி மூன்று தெரு தள்ளி வரும்போதே சத்தத்தைக் கேட்டு, "வந்துட்ச்சி" என்று மங்கம்மாவிடம் சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்தது வேறு எதற்கோ என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

எங்கள் தெருவில் இரும்புக்கு ஆயுசு கம்மி. கடற்காற்று ஒரு பக்கம் தின்னும், எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் ஒரு பக்கம் தின்னும். ஜன்னல் கம்பியைப் பிடித்தால் கையோடு வரும். இதற்கு எல்லாம் கோதண்டம் கண்ட ஒரே மருந்து கிரீஸ். வருடா வருடம் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் லாஞ்சைக் கரையேற்றி, பாசி சுரண்டி, பெயின்ட் அடித்து, கண்ணில் படுகிற இரும்புக்கெல்லாம் கிரீஸ் பூசுவார்கள். அதுதான் அங்கே முறை. பூசி மிஞ்சிய டப்பா வீட்டுக்கு வரும். கதவு கீல், பீரோ தாழ்ப்பாள், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் ஒரு விரல் வைப்பார். மங்கம்மாவின் அரிவாள்மணைக்கும் வைத்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். என் கேட் பூட்டுக்கு வைத்ததில் எனக்கு இரண்டு நல்ல சட்டை போயிற்று. கேட்டால், "துருவுக்கு வெச்சேன் சார். நல்லதுக்குத்தானே" என்பார். என்ன செய்வது, நல்லதுக்குத்தான்.

இந்த வருடத் தடைக்காலத்தில், எண்ணூர்ச் சாலையில் ஒரு இரு சக்கர வண்டிக்காரர் டிரைலரில் மாட்டிக்கொண்டார். போன உயிர் யாருடையது என்றுகூடத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆனால் கோதண்டத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அதுவரை சக்கரத்தைக் கழற்றுகிற வேலைக்கு மட்டும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர், இனிமேல் அங்கே விட மாட்டேன் என்றார். கூட்டம் ஜாஸ்தி, அவசரத்தில் எதையாவது ஒழுங்காக முறுக்காமல் விட்டுவிடுவார்களாம். என் பொண்ணு போகிற வண்டியை நானே பார்க்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கை விரித்துவிட்டார்.

அன்று முழுக்க நான் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தேன். பின்சக்கரத்தைக் கழற்றினார். சின்னக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துத் துணியில் வரிசையாக வைத்தார். சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி, சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டார். அது சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது. என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த மாதத்தில் அவர் முகம் தெளிந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை நர்மதா வேலைக்குப் போனாள். இவருக்கு இன்னும் கை அடங்கவில்லை. என் ஸ்கூட்டர் முன்சக்கரம் கிறீச்சிடுகிறதே, அதையும் பார்த்துவிடுகிறேன் என்று கேட்டார். எனக்கா கசக்கும்? சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் டிரம்மில் செம்மண் நிறத்தில் துரு. மகள் வண்டியிலும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லிக்கொண்டே துடைத்து, டப்பாவில் விரலைவிட்டு, டிரம்முக்குள் வட்டமாக ஒரு பூச்சு பூசினார். பிரேக் ஷூவுக்கும் லேசாக. மாட்டினார். சுற்றிவிட்டார். கிறீச் போயே போச்சு. சபாஷ் என்று நான்தான் பிரேக் லீவரைப் பிடித்தேன்.

சக்கரம் நிற்கவில்லை.

இன்னும் அழுத்திப் பிடித்தேன். அது பாட்டுக்கு நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கோதண்டம் அந்தச் சக்கரத்தையே பார்த்தார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு இதெல்லாம் சுத்தமாகத் தெரியாது. அவர் முகத்தில் இரத்தம் இறங்கிப் போனதைப் பார்த்த பிறகுதான் லீவரை விட்டேன்.

"நேத்து அவ வண்டிக்கும் இத்தத்தான் சார் தடவிக்கிறேன்" என்றார்.

போனை எடுத்தார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி போட்டார். வண்டி ஓட்டும்போது போன் எடுக்கவே கூடாது என்று மகளிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியவர் அவரேதான். "எடுக்க மாட்டா. நான்தான் எடுக்காதன்னேன்" என்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் ஒரு ஆட்டோவைப் பிடித்தேன்.

ஆட்டோவில் அவர் தலையை வெளியே நீட்டி, வரிசையில் நிற்கிற ஒவ்வொரு டிரைலரின் அடியிலும் பார்த்துக்கொண்டு வந்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு டிரைலரைச் சுற்றிக் கூட்டம் நின்றது. ஆட்டோ மெதுவானது. கோதண்டம் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "நீ போயி பாரு சார். என்னால ஆவாது" என்றார். எனக்கு மட்டும் ஆகுமா? இறங்கிப் போனேன். பத்தடி நடப்பதற்குள் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டுவிட்டேன். டயர் வெடித்திருந்தது. அவ்வளவுதான். திரும்பி வந்து டயர் என்று சொன்னபோதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன்.

எர்ணாவூர் மேம்பாலம் ஏறி இறங்கினோம். சரிவு முடிகிற இடத்தில், ஓரமாக நிற்கிற ஒரு காலி டிரைலரின் பின்புறத்தில் அந்த நூறு சிசி வண்டி முட்டிக்கொண்டு நின்றது. முன் மட்கார்டு மடங்கியிருந்தது. எதிரே டீக்கடை பெஞ்சில் நர்மதா உட்கார்ந்திருந்தாள். கையில் டீ கிளாஸ். அது சாய்ந்து டீ சுடிதாரில் சிந்திக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. போன் வண்டியில் மாட்டியிருந்த பைக்குள்ளேயே கிடந்தது. ஒரு கால் செருப்பு தேய்ந்து கிழிந்து, பெருவிரல் தோல் உரிந்து ரத்தம் உறைந்திருந்தது.

தெருவிலேயே கால் பிரேக் கொஞ்சம் லூசாக இருந்ததாம். புதிதாகக் கழற்றி மாட்டியது, செட் ஆகிவிடும் என்று நினைத்தாளாம். நைனா பார்த்த வண்டி இல்லையா? பாலத்துச் சரிவில் மிதித்தால் ஒன்றுமே இல்லை. முன்னால் நிற்கிற டிரைலர். முன் பிரேக்கை முழுக்கப் பிடித்து, இரண்டு காலையும் தார்ரோட்டில் தேய்த்தே நிறுத்தியிருக்கிறாள். அவள் சொன்னதாக இதையெல்லாம் டீக்கடைக்காரர்தான் சொன்னார். நர்மதா அப்பாவைப் பார்த்து, "பிரேக்கு புடிக்கல நைனா" என்று மட்டும் சொன்னாள்.

"நான்தான் கண்ணு. உள்ள கிரீஸ் வெச்சேன்."

"அங்க எதுக்கு நைனா கிரீஸு?"

"துரு புடிச்சிகினு இருந்துச்சி."

நான்தான் கேட்டுவிட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல். எப்படி அய்யா தோன்றாமல் போயிற்று என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "லாஞ்சுல ஏது சார் பிரேக்கு?" என்றார். இத்தனை வருடம் அவர் கை பழகியதெல்லாம் ஓடுகிற இரும்பு. சத்தமில்லாமல், தடையில்லாமல் சுற்றினால் அது நல்ல இரும்பு. உரசி நிறுத்தவேண்டிய இரும்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பது அந்தக் கைக்குத் தெரியாது. எனக்கு அவர்மேல் வந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

வீட்டில் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. மீன் விற்றுவிட்டு வந்த மங்கம்மாவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. வண்டியைக் காயலான் கடையில் போடு, இல்லையென்றால் கடலில் போடு என்றாள். கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டு புது பிரேக் ஷூ வாங்கிவரப் போனார். டிரம்மைப் பெட்ரோலில் கழுவினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், சோப்புப் போட்டுக் கழுவினார், வெயிலில் வைத்தார், மறுபடி பெட்ரோலில் கழுவினார். ஒரு நட்டு நாலு தடவை கீழே விழுந்தது. நான் என் ஸ்கூட்டரை அவருக்குத் தெரியாமல் ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

கால் ஆறும்வரை நர்மதா பஸ்ஸில் போனாள். இரண்டு பஸ் மாற வேண்டும், நேரத்துக்குப் போக முடியவில்லை, மேனேஜர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில் வண்டிச் சாவியைக் கேட்டாள். கோதண்டம் கொடுக்கவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போய்த் தெருமுனையில் நிறுத்தி, அவளை ஏறச் சொன்னார். பிறகு திரும்பி நடந்து வந்து, தெருவின் நடுவில் நின்றார். லுங்கியைத் தழையவிட்டு, இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்து நின்றார்.

"என் மேல வுடு" என்றார். "கால் பிரேக்கு மட்டும் புடி. கைப்பிரேக்குல விரலே வெக்காத."

அவள் மாட்டேன் என்றாள். மங்கம்மா வாசலிலிருந்து, மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கத்தினாள். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கை சில்லென்று இருந்தது, ஆனால் ஆள் அசையவில்லை. மூன்றாவது தடவையாக அவர் வா என்றபோது நர்மதா உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். முதல் கியர், இரண்டாவது கியர். கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்சக்கரம் கிறீச்சென்று தேய்ந்து வண்டி நின்றபோது, அவருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது. நர்மதா ஹேண்டில்பார்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். கோதண்டம் கண்ணைத் திறந்து சக்கரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"இன்னொரு தபா" என்று சொல்லிவிட்டு, வண்டி வருகிற பக்கமாக நாலடி முன்னால் வந்து நின்றார்.